கோல்கீப்பரின் பெயருக்கு நேரே

என் மகளின் கால்பந்து அணிக்குப் பொதுச் செலவைப் பார்க்கும் வேலை என் வாயால் எனக்கு வந்தது. ஆம்பூரில் பிள்ளைகள் பயிற்சி எடுக்கும் மைதானத்தில் ஒருநாள் பெற்றோர் கூடியிருந்தபோது, "போன தடவ வேனுக்கு யார் எவ்ளோ குடுத்தாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். கேட்டவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து வேன் வாடகை, ஜெர்சி, தண்ணீர் கேன், முழங்காலுக்குக் கட்டும் துணி வரை எல்லாம் என் பொறுப்பு.

வாங்குவதைவிட வசூலிப்பது பெரிய பேஜார். திருப்பத்தூரில் நடக்கவிருந்த போட்டிக்குத் தலைக்கு அறுநூறு ரூபாய் என்றதும், மதியம் எல்லாருக்கும் பிரியாணி சொல்லிடலாமே என்றார் ஒரு அப்பா. முந்தின மாதப் போட்டிக்கான பணத்தையே அவர் தந்திருக்கவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று அவர் காதுபடவே சொன்னேன். சிரித்துவிட்டு இரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார். நான் கோபப்பட்டால்தான் காரியம் நடக்கும் என்று எனக்கு ஒரு மமதை வந்துவிட்டது.

அந்த மமதையில்தான் பட்டியலைப் போட்டேன். ஐந்தாம் தேதி கடைசி நாள் என்று நானே முடிவு செய்தேன். அன்று சாயங்காலம், கொடுத்தவர்களுக்குப் பச்சை டிக், கொடுக்காதவர்களுக்குச் சிவப்பில் பெருக்கல் குறி என்று போட்டு வாட்ஸப் குழுவில் அனுப்பினேன். பட்டியலில் இருந்ததெல்லாம் பிள்ளைகளின் பெயர்கள். எங்கள் பழக்கம் அப்படி. மைதானத்து ஓரம் உட்காரும் அம்மாக்களை இன்னாருடைய அம்மா என்றுதான் ஒருவருக்கொருவர் தெரியும். போனில் எண்களைக்கூட நான் அப்படித்தான் பதிந்திருந்தேன். மூன்று பேருக்குச் சிவப்பு விழுந்தது. இரண்டு பேர் அரை மணி நேரத்தில் பணத்தை அனுப்பிவிட்டார்கள். எங்கள் கோல்கீப்பரின் பெயருக்கு நேரே மட்டும் சிவப்பு அப்படியே நின்றது.

மறுநாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அங்கே வருவார்கள், இவளைக் கட்டாயம் எடுப்பார்கள் என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நீ குரூப்ல போட்டத அவ பாத்துட்டாம்மா. இனிமே வரமாட்டாளாம்" என்றாள் என் மகள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கோல்கீப்பர் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து, "ஆன்ட்டி, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று குசுகுசுத்தாள்.

அவள் அம்மா ஷூ கம்பெனியில் தைப்பவள். லைனுக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது என்பதால் போன் வீட்டிலேயே கிடக்கும். பட்டியலைப் பார்த்தது பெண்தான். பார்த்ததும் அழித்திருக்கிறாள்.

"தெரிஞ்சா ஓவர்டைம் பாப்பாங்க, ஆன்ட்டி. ஏற்கனவே கழுத்து வலியில தூங்கவே மாட்றாங்க. எனக்கு விளையாட்டு புடிக்கலன்னு சொல்லிட்டேன்."

அந்தக் கம்பெனியில் சம்பளம் பத்தாம் தேதி. எனக்குத் தெரியாத விஷயமா இது? ஏழு வருடம் அதே மாதிரி லைனில் உட்கார்ந்து தைத்தவள் நான். ஒன்பதாம் தேதி பஸ்ஸுக்குக் காசில்லாமல் வீடுவரை நடந்திருக்கிறேன். சொந்தமாகத் தையல் கடை போட்டு நாலு வருடம் ஆனதும், ஐந்தாம் தேதி எல்லார் கையிலும் பணம் புரளும் என்று நினைத்துவிட்டேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டு அவள் அம்மா வெளியே வந்தாள். "வாங்கக்கா, இன்னா திடீர்னு?"

பெண் என்னைக் கெஞ்சுவதுபோல் பார்த்தாள். இந்தப் பாரத்தை இந்த வயதில் இவள் ஏன் சுமக்க வேண்டும்? என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பட்டியல் போட்டதையும், பெண் அதை மறைத்ததையும் சொன்னேன். "தப்பு முழுக்க என்னோடதும்மா, அவள ஒண்ணும் சொல்லாத" என்றேன்.

அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புடிக்கலன்னு சொன்னியேடி" என்றாள். கண் கலங்கிவிட்டது. முந்தானையால் பெண்ணின் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, "போ, ஷூவ எடுத்துக்கினு கெளம்பு" என்றாள். அந்தப் பெண் உள்ளே ஓடிய வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"பத்தாம் தேதி சம்பளம் போடுவாங்க. அன்னிக்கே குடுத்துடறேன். அதுவரைக்கும் என் பேர்ல எழுதிக்குங்கக்கா. புள்ள பேர்ல வேணாம்."

"இப்பவே எழுதறேன்" என்று போனை எடுத்தேன். பட்டியலைத் திறந்து அவள் மகளின் பெயரை அழித்தேன். என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. மூன்று வருடமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கொண்டுவரும் சுண்டலைத் தின்றிருக்கிறேன்.

"உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டேன்.

சொன்னாள். நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "உங்க பேருக்கா?" என்று கேட்டாள்.