கண்ணாடி மேல் வைத்த வெண்டைக்காய்

மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் என் அம்மாவைக் கண்டால் காய்க்காரர்களுக்குக் கொஞ்சம் உதறல்தான். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க மாட்டாள். அதெல்லாம் கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை என்பாள். கையில் எடுத்து வெளிச்சத்தில் ஒரு திருப்பு திருப்புவாள், அவ்வளவுதான். "ஹுளா இதெயல்லப்பா!" என்று கத்துவாள். புழு இருக்கிறதே என்பதை அவள் கன்னடத்தில்தான் சொல்லுவாள். காய் வாங்குவது, பேரம் பேசுவது, சண்டை போடுவது எல்லாம் அவளுக்குக் கன்னடத்தில்தான் வரும். வீட்டுக்கு வந்து எங்களைத் திட்டுவது மட்டும் அசல் வடாற்காட்டுத் தமிழ். காய்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே அந்தக் காயைப் பிளப்பார். உள்ளே புழு நெளியும். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும்.

அந்தக் கண்தான் போயிற்று. எனக்குக் கல்யாணமாகி, அப்பாவும் போய்ச் சேர்ந்து, அம்மா எங்களோடு வந்து இருந்த காலம் அது. பார்வையின் நடுப்பகுதி மட்டும் கரைந்துபோகிற ஒரு வியாதி. ஓரம் மிஞ்சும்; எதை நேராகப் பார்க்கிறாளோ அது மறைந்துவிடும். கதவு தெரியும், கைப்பிடி தெரியாது. ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கலரில் ஒரு புகை நிற்கிறது என்று சொன்னாள். ஆபரேஷனும் கிடையாது, கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "நீங்க நல்லா இருங்க சாமி" என்று அவரிடம் சொல்லிவிட்டு அம்மா வெளியே வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் காய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பொரியலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடுவாள். "எதுல என்ன கெடக்குதோ, யாரு கண்டா?"

"நான் நல்லாப் பாத்துதாம்மா நறுக்கினேன்."

"நீ பாத்தே!"

இந்த 'நீ பாத்தே'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரு நாள் கரண்டியை விட்டெறிந்துகூட இருக்கிறேன். தயிர்சாதம், தயிர்சாதம், மறுபடியும் தயிர்சாதம். அதையும் நாலு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டாள். புடவை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கோபம் தணிந்த பிறகு எனக்குப் பயம் வரும். இப்படியே விட்டால் அம்மா என் கண் முன்னாலேயே ஒன்றுமில்லாமல் போய்விடுவாள் என்று நிஜமாகவே பயந்தேன்.

நான் அப்போது ஒரு அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகைகள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார் படம், பழைய பத்திரிகை, மாப்பிள்ளையின் தாத்தா போட்டோ என்று எதையாவது கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால் ஒரு ஸ்கேனர் வாங்கினோம். மூடி போட்ட தடித்த பெட்டி. மூடியைத் தூக்கினால் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் ஊர்ந்து போகிற ஒரு விளக்கு. ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் வைட்ஃபீல்டிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர், கையிலிருந்த காய்ப் பையைத் திறந்திருந்த ஸ்கேனர் மேலேயே தொப்பென்று போட்டார்.

"உங்களுக்கு அறிவுன்னு ஏதாவது இருக்கா?"

"கை வலிக்குதும்மா. டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம்."

பை சாய்ந்து வெண்டைக்காயும் பாகற்காயும் கண்ணாடி மேல் உருண்டன. அவற்றைத் தள்ளப் போன ஆத்திரத்தில் என் கை ஸ்கேனரின் பொத்தானில் பட்டுவிட்டது. விளக்கு காய்களுக்கு அடியில் நிதானமாக ஊர்ந்து போயிற்று. சனியன், இது வேறா என்று திரும்பி மானிட்டரைப் பார்த்தவள், திட்டுவதற்கு எடுத்த மூச்சை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் ஒரே இருட்டு. மூடி திறந்திருந்ததால் அறையின் பொருள் ஒன்றுகூடப் படத்தில் விழவில்லை. அந்தக் கறுப்பிலிருந்து பாகற்காய் எழுந்து வந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் மேடும் பள்ளமுமாக ஒரு மலைத்தொடரே ஓடியது. வெண்டைக்காய்க்கு முடி உண்டு என்பது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு முடியும் தனித்தனியாக, வெளிச்சத்தைத் தன் நுனியில் வாங்கிக்கொண்டு நிற்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக இதையா நான் கடகடவென்று நறுக்கிச் சாம்பாரில் போட்டேன்? அடேயப்பா என்று இருந்தது. வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். "சாம்பாருக்கு வாங்கினதை ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டியே" என்றார். அவர் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

வலைப்பதிவு எழுதுகிற பைத்தியம் தமிழர்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த நேரம் அது. நானும் ஒன்று தொடங்கினேன். பாதிப் பேருடைய கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு படம் மேலே ஏறுவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். போன் லைனிலேயே இன்டர்நெட்டும் ஓடியதால் அதுவரை வீட்டு போனுக்கு யாரும் கூப்பிட முடியாது. சொந்தக்காரர்கள் எல்லாம் எங்களுக்கு என்னவோ ஏதோ என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் என்னைப் போலவே மறை கழன்ற ஒரு கூட்டம் இருந்தது. டொரன்டோவில் ஒருவர் தினமும் காலையில் தன் கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைப் படம் எடுத்துப் போடுவார். தஞ்சாவூரில் ஒரு வாத்தியார் பஸ் டிக்கெட்டுகளை மடித்து மடித்து வீடு கட்டுவார், மாடி, ஜன்னல், கைப்பிடிச் சுவர் எல்லாம் வைத்து. மஸ்கட்டில் ஒரு அம்மா அன்றைய சப்பாத்தியின் கருகலை மட்டும் படம் எடுத்துப் போடுவார். ஒரு நாள் கருகல் போல மறுநாள் கருகல் இருக்காது. யாருக்கும் காசு கிடையாது, பரிசு கிடையாது. இதோ பாருங்களேன், இது என் வீட்டில் இருந்தது என்று சொல்வதற்காகவே முகம் தெரியாத அத்தனை பேரும் மெனக்கெட்டார்கள். உலகத்தில் இப்படியெல்லாம் ஆட்கள் இருக்கிறார்களா என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

என் வெண்டைக்காய்க்கு நல்ல வரவேற்பு. ஒற்றைக் காய், நெட்டுக்குத்தாக, கறுப்புப் பின்னணியில். ஆஹா, ஓஹோ என்று ஊர் ஊராக எழுதியிருந்தார்கள். மத்தியானம் அதைத் திரை முழுக்கப் பெரிசாக்கி வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காபிக்காகச் சுவரைத் தடவிக்கொண்டே அந்தப் பக்கமாக வந்தாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டாள். காக்கா பார்ப்பதுபோலத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"ஹுளா இதெயல்லப்பா!"

நான் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினேன். இரண்டு வருடமாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

"எங்கேம்மா?"

"காம்புக்குக் கீழ, அந்த வரிக்குப் பக்கத்துல. கறுப்பா ஒரு பொட்டு இல்ல? கண்ணு போன எனக்குத் தெரியுது, உனக்கு என்னடி கேடு?"

ஒரு பொட்டு இருக்கத்தான் செய்தது. நான் அதை நிழல் என்று நினைத்திருந்தேன். அந்தக் காய் இன்னும் கூடையில்தான் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து பிளந்தேன். உள்ளே, வெள்ளையாக, நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு புழு. ஆஹா ஓஹோ போட்டவர்கள் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அம்மா மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி, "மீதி காயையும் இதுல போடு, பாக்கறேன்" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சின்னதாக இருந்ததால்தான் எல்லாம் அவளுடைய புகைக்குள் முழுகிப்போயிற்று. முறம் அளவுக்குப் பெரிசாக்கினால் மிச்சமிருந்த ஓரக்கண்ணே அவளுக்குப் போதுமாக இருந்தது. எந்த டாக்டரும் சொல்லாத இந்த விஷயம் காய்ப் பையைப் போட்ட ஒரு மனுஷனால் தெரியவந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காய்கள் அடுப்புக்குப் போகும் முன்னால் கண்ணாடியில் ஏறின. "முத்தல்." "இது ஆவும்." "இத எவன் தலையில கட்டினான், மாப்ளயா? அவருக்குக் காய் வாங்கத் தெரியாதுன்னு அன்னிக்கே சொன்னேன்." மார்கழியில் அவரைக்காய் வந்தபோது திரையைப் பார்த்தவள், பழக்கதோஷத்தில் வாசம் பிடிக்க மானிட்டருக்கே மூக்கைக் கொண்டுபோனாள். அப்புறம் அவளே சிரித்துவிட்டு, நிஜக் காயைக் கை நிறைய அள்ளி முகர்ந்தாள். காயை உரித்து, பருப்பை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக் கொடுத்ததும் அவள்தான். அன்றைக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினேன்.

அம்மாவின் தீர்ப்பையும் படத்தோடு சேர்த்து எழுத ஆரம்பித்தேன். அவ்வளவுதான், என் பதிவில் எனக்கிருந்த மரியாதை போய்விட்டது. அம்மா என்ன சொன்னாங்க, அம்மாவுக்குக் காட்டினீங்களா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். தங்கள் படங்களையும் அவளுக்கு அனுப்பினார்கள். டொரன்டோ உறைபனியை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். இறகு இறகாக, இலை இலையாக விரிந்திருந்தது. "இத யாரு வரைஞ்சது?" என்றாள். யாரும் வரையவில்லை, குளிரில் தானாக வந்தது என்றேன். "தானா வந்துச்சா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "அந்தக் குளிர்ல அந்தப் புள்ள என்னத்தத் தின்னுதோ" என்றாள். சப்பாத்திக் கருகலைக் காட்டியபோது மட்டும் தாட்சண்யமே இல்லை. "அடுப்பக் கொறைச்சு வெக்கச் சொல்லு."

அந்த மஸ்கட் அம்மாவே ஒரு நாள் எழுதியிருந்தார். நான் வழக்கம்போல அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இவ்வளவு காய் காட்டுகிறீர்களே, எழுதுகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது காட்டக்கூடாதா?

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"எனக்கும்தாண்டி தெரியல" என்றாள். "ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. பேச்சுதான் கேக்குது. உன் மூஞ்சிய வை அதுல."

"அய்யய்யே, போம்மா."

"வைடி."

கண்ணாடியைத் துடைத்தேன். எத்தனை துடைத்தாலும் அவரைக்காய் வாசம் போகவில்லை. நாற்காலியில் முழங்காலிட்டு, விழுந்து கும்பிடுகிற மாதிரி குனிந்து, மூக்கும் நெற்றியும் அமுங்க முகத்தை வைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையால் தடவிப் பொத்தானை அழுத்தினேன். இமைக்குள் ஒரு சிவப்பு வெளிச்சம் தாடையிலிருந்து மெதுவாக ஏறி நெற்றியைத் தாண்டிப் போயிற்று.

திரையில் வந்ததைப் பார்த்து எனக்கே திக்கென்றது. கறுப்பிலிருந்து என் முகம் எழுந்து வந்திருந்தது. பெரிசாக்கினேன். அம்மா முக்காலியை நகர்த்தி உட்கார்ந்து, தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். தாடையிலிருந்து ஆரம்பித்து ஒரு விரக்கடை விடாமல் பார்த்துக்கொண்டு போனாள். நான் காய்க்காரர் மாதிரி தீர்ப்புக்குக் காத்து நின்றேன்.

"காதோரம் என்னடி இது, நரையா?"

"ஆமாம்மா."

"எப்பேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

"கண்ணுக்குக் கீழ இப்படிக் கறுத்துக் கெடக்குதே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல."

வழக்கம்போலக் கிண்டல் செய்து சமாளிக்கப் பார்த்தேன். "ஹுளா இதெயா?" என்றேன்.

அம்மா திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. இன்னொரு தரம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"இல்ல. ஒண்ணும் இல்ல."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு தீர்ப்பை நான் கேட்டதே இல்லை. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"மூக்கத்தான் நசுக்கி வெச்சிருக்கே. கொஞ்சம் சாஞ்சாப்ல வை. இன்னொண்ணு எடு."

நான் மறுபடியும் குனிந்து கன்னத்தைக் கண்ணாடி மேல் வைத்தேன்.