காற்றையும் சேர்த்துத் திருப்பிய நாள்

போன வருடம் மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: தகரக் கூரை போடும் தொழில் செய்கிற நான், என் தங்கையின் கணவர், அந்த வீட்டுத் தையல்கார அக்கா, அவருடைய கணவர்.

அக்கா மகளிர் குழுக் கடனில் தையல் மெஷின்கள் வாங்கி, பள்ளிச் சீருடை ஆர்டரும் பிடித்திருந்தார். கீழே இடமில்லை. மாடியில் கூரை போட்டால்தான் தொழில்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கணக்குத் தெரியாது, பயம் மட்டும் தெரியும். மற்றவர்கள் நான்கு போல்ட் அடிக்கும் இடத்தில் எட்டு அடிப்பேன். அந்தச் செலவு அக்காவுக்குக் கட்டுப்படியாகவில்லை. தங்கை கணவர் டிப்ளமோ படித்தவர். கட்டடம் காற்றைத் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் சோதிக்கிற ஆபீசில் வேலை.

"லேப்டாப்ல காத்து அடிச்சுப் பாத்துடலாம் மச்சான். எவ்ளோ தேவையோ அவ்ளோதான் போடுவோம்" என்றார்.

"இன்னா தம்பி, லேப்டாப்புல காத்து வருமா? அப்போ ஃபேனை வித்துடலாமே!" என்றார் அக்காவின் கணவர்.

அந்தத் தெருவே கோணல். வீடு எந்தத் திசைக்கும் நேராக நிற்காது. தங்கை கணவர் முதலில் கிழக்கு, வடக்கு என்று திசைகளை வைத்து, சதுப்பு நிலத்திலிருந்து காற்று வருவதாக ஓர் அம்புக்குறி போட்டார். கோணல் வீட்டுக்கு ஒவ்வொரு கம்பியாக வரைவது தலைவலியாக இருந்தது. அதனால் வீட்டுச் சுவரையே நேர்க்கோடாக வைத்து, சாஃப்ட்வேரில் சொந்தமாகத் திசைகளை அமைத்துக்கொண்டார். கம்பிகள் சுலபமாக உட்கார்ந்தன. தாங்காத இடம் சிவப்பாகும் என்றார். கூரை முழுவதும் பச்சையாக வந்தது.

"காத்து எந்தப் பக்கம் மாப்ள?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"சதுப்பு பக்கம்தான், மொதல்லயே குடுத்துட்டேன். பச்சையைப் பாத்தும் பயப்படுற ஒரே ஆளு நீங்கதான் மச்சான்!"

அக்கா சிரித்துவிட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. போல்ட்டுகளைப் பாதியாகக் குறைத்தேன். ஒரு வேலையை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

புயல் வந்த அன்று மத்தியானம் அக்கா போன் செய்தார். "கூரை ஆடுது தம்பி, சீக்கிரம் வா." தாம்பரத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கூரை தெருவில் கிடந்தது. மாடியில் மெஷின்கள் மழையில் நின்றன. வெட்டி வைத்த சீருடைத் துணியெல்லாம் ஊறிக் கிடந்தது. ஓடிப்போய் ஒரு மெஷினைத் தூக்கப் போனேன். "தொடாத தம்பி, ஷாக் அடிக்கும்" என்று அக்கா கத்தினார். அந்த நேரத்திலும் என் உயிரைத்தான் நினைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் தங்கை கணவர் லேப்டாப்பைத் திறந்தார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அம்புக்குறி சதுப்பு நிலத்துப் பக்கம் இல்லை; கூரைக்கு மறுபக்கம் மறைப்பாக நிற்கிற மாடிப்படி அறையின் பின்சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு ஏத்த மாதிரி திசையைத் திருப்பினப்போ காத்தும் கூடவே திரும்பிடுச்சு மச்சான். நான் பாக்கல."

சதுப்பு நிலத்தைப் பார்த்துத் திறந்து கிடந்த பக்கத்தில் கம்ப்யூட்டர் காற்று அடிக்கவே இல்லை. நிஜக் காற்று அங்கேதான் அடித்தது.

மெஷின்கள் தண்ணீர் புகுந்து வீணாகிவிட்டன; சீருடை ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அக்கா இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுவதும் நின்று நூல் வெட்டுகிறார். அந்தச் சம்பளம் குழுத் தவணைக்கே சரியாகப் போகிறது. பாதி மெஷின்களின் விலையை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவராகக் கேட்பதில்லை. கேட்டால் கொஞ்சம் மூச்சு விடுவேன். இப்போது காற்று லேசாக எழும்பினாலும் வாசலுக்கு வந்து, அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கிறேன்; பார்த்து என்ன ஆகப்போகிறது, அக்காவுக்கு நான் இன்னும் தர வேண்டியது முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.