மாசில்லாமணி உபதேசியாரின் உபவாசம்

மாசில்லாமணி உபதேசியாருக்குச் சோதனை கோப்பி ரூபத்தில் வந்தது. மற்ற ஊழியக்காரர்களுக்குச் சிறைச்சாலை, கல்லெறி, கப்பற்சேதம் என்று கௌரவமான சோதனைகள் வாய்க்கின்றன. இவருக்கு வாய்த்தது டின் பாலும் சீனியும் அள்ளிப்போட்டு, கரண்டியை விட்டால் நட்டுக்குத்தாக நிற்கிற கோப்பி. என்ன செய்வது, அவரவர் கொடுப்பினை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு வாக்கில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ்ச் சபையைக் கவனித்துக்கொண்டவர் அவர்தான். குருவானவர் கிள்ளானில் இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலேறி வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மீதியெல்லாம் உபதேசியார் தலையில். அதில் பெரிய வேலை சனிக்கிழமை வீடு சந்திப்பு. பதினோரு வீடு, வீட்டுக்கு ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், ஒரு கோப்பி. சங்கீதத்தைப் பாதியில் நிறுத்தலாம், ஜெபத்தைச் சுருக்கலாம், கோப்பியைத் தொடாமல் மட்டும் எழுந்துவிட முடியாது. அந்த வீட்டில் குடித்தாராம், நம் வீட்டில் குடிக்கவில்லையாம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அந்தக் குடும்பம் மூன்று மாதம் கோயில் பக்கம் தலைகாட்டாது. நம் ஜனங்கள் ஊரைவிட்டுக் கப்பலேறி இந்தச் சீமைக்கு வரும்போது சட்டி பானையை மறந்தாலும் சாதியை மறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள். யார் வீட்டில் யார் வாய் நனைத்தார் என்பதுதான் அவர்களுடைய உண்மையான விசுவாசப் பிரமாணம்.

பதினோராவது வீடு சின்னையாவுடையது. தண்டவாள வேலைக்காரர், கூலி லயத்தின் கடைசி அறையில் மனைவி மாரியாயியோடு குடியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் உபதேசியார் முதல்முறை அங்கே போனபோது, கொடுக்கலாமா கூடாதா என்று மாரியாயி தகரக் குவளையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். உபதேசியார் வாங்கி ஒரு மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அதுவரை கேட்ட எந்தப் பிரசங்கத்துக்கும் அசையாத சின்னையா அந்த இரண்டாவது குவளைக்கு அசைந்தார். ஆறு மாதத்துக்கு முன்புதான் இருவரும் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். உபதேசியாரின் இத்தனை வருஷ ஊழியத்தில் அவர் நெஞ்சாரச் சந்தோஷப்பட்டது அதற்குத்தான்.

இந்த நேரம் பார்த்துக் காலில் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் விஜயன் புண்ணைப் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார், பிறகு உபதேசியாரை ஏற இறங்கப் பார்த்தார். சீனி வியாதி. கீரையும் மீனும் சாப்பிடலாம், சோற்றைக் குறைக்க வேண்டும், கோப்பியை மறந்துவிட வேண்டும். "கோப்பி வேணுமா, காலு வேணுமா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்.

எனக்குச் சீனி வியாதி என்று சபையில் சொல்லிவிட்டால் தீர்ந்ததே என்பீர்கள். சொல்ல முடியாது. தீராத நோய்வாய்ப்பட்ட உபதேசிமாரை அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவது மிஷனின் வழக்கம். உபதேசியாருக்கு ஊரில் குந்தக் குடிசை இல்லை. அதைவிட, இப்போதுதான் துளிர்விட்ட சின்னையா குடும்பத்தை யாரை நம்பி விட்டுப்போவது? காரணம் சொல்லாமல் அந்த வீட்டுக் குவளையை மறுத்தாலோ, இவரும் மற்றவர்களைப் போலத்தான் என்று அன்றைக்கே முடிந்துபோகும். மனிதர் ஒரு வாரம் தூங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை முதல் வீடு தலைமைக் குமாஸ்தா வீடு. குமாஸ்தாவின் மனைவி இராஜம்மா கோப்பியை நீட்டினார். உபதேசியார் கையை நீட்டவில்லை. இராஜம்மாவின் முகம் கறுத்தது. பிறகு அவருக்கே ஏதோ பிடிபட்டு, குரலைத் தாழ்த்தி, உபவாசமா ஐயா என்று கேட்டார். உபதேசியார் வாயைத் திறந்தார். திரும்ப மூடினார். தலையைக் குனிந்துகொண்டார். உபதேசியார் தலையைக் குனிந்தால் அது ஆமாம் என்று யாருக்குத்தான் தெரியாது?

அவ்வளவுதான். செய்தி அவருடைய சைக்கிளை முந்திக்கொண்டு ஓடியது. மூன்றாவது வீட்டுக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் அடுப்பை அணைத்துவிட்டார்கள். சின்னையா வீட்டில் மாரியாயி பாய் மட்டும் விரித்து வைத்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் அது நாற்பது நாள் உபவாசம் ஆகிவிட்டது. பகலெல்லாம் தண்ணீர், பொழுது சாய்ந்தால் ஒரு கிண்ணம் கஞ்சி என்று விவரம் வேறு. நாற்பதைச் சேர்த்தது யார், கஞ்சியைச் சேர்த்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

பொய்யில் விளைந்த அறுவடை இருக்கிறதே, அது அமோகம். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு போதவில்லை. பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த இரண்டு சம்பந்தி வீடுகள், ஐயா பட்டினி கிடக்கிறபோது நமக்கென்ன வீம்பு என்று கைகுலுக்கிக்கொண்டன. மாரியம்மன் கோயில் காரியக்காரர் பக்கிரிசாமிகூட, விரதக்காரர் எதிரே வருகிறார் என்று சைக்கிளைவிட்டு இறங்கிக் கும்பிட்டார். டிரெஸ்ஸர் சொன்ன பத்தியத்தால் உபதேசியாரின் கன்னம் ஒட்டிப்போனதும் நல்ல சாட்சியாக அமைந்தது. வீட்டிலோ ஜன்னலைச் சாத்திக்கொண்டு தினமும் கீரையும் வறுத்த மீனும். வாசனை வருகிறதே என்று பக்கத்து வீட்டார் கேட்டபோது, பூனைக்கு என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். அப்புறம் அந்தம்மாள் எங்கிருந்தோ ஒரு பூனையைப் பிடித்து வர வேண்டியதாயிற்று.

புண் ஆறத் தொடங்கியது. மனசுதான் ஆறவில்லை. உபவாசிக்கிறவன் முகத்தைக் கழுவிக்கொண்டு, வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது. உபவாசிக்காதவன் முகத்தை என்ன செய்ய வேண்டும் என்று அவர் தேடித் தேடிப் பார்த்தும் எங்கேயும் இல்லை. தன் பொய்யைக் கொண்டு கர்த்தர் நன்மை செய்கிறார் என்று ஒருநாள் சமாதானம் சொல்லிக்கொள்வார். மறுநாள் அதுவே கழுத்தைப் பிடிக்கும். நாற்பது நாள் எப்படியும் ஓடிவிடும் என்றுதான் இருந்தார்.

இருபத்தாறாம் நாள் மத்தியானம் சின்னையா தண்டவாளத்து ஓரம் மயங்கி விழுந்தார். வேலையை மேற்பார்க்கிற மண்டோரும் மற்ற ஆட்களும் தூக்கிவந்து லயத்தில் போட்டார்கள். உபதேசியார் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினார். மாரியாயி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ஐயா சாப்பிடாமல் கிடக்கிறபோது எனக்கு மட்டும் எப்படித் தொண்டையில் இறங்கும் என்று இருபத்தாறு நாளாக அந்த மனிதரும் பகலில் பச்சைத் தண்ணீரோடு இரும்பு தூக்கியிருக்கிறார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "நீங்க முடிக்காம அவரு முடிக்க மாட்டாராம். ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க ஐயா" என்று கெஞ்சினாள்.

உபதேசியாரின் வயிற்றில் அப்போது இரண்டு துண்டு மீன் இருந்தது. குனிந்தபடி உள்ளே போனார். பாயருகே உட்கார்ந்து, "சின்னையா, நான் ஒரு நாளும் பட்டினி கெடக்கல. எனக்குச் சீனி வியாதி. தெரிஞ்சா கப்பல் ஏத்திடுவாங்கன்னு பயந்து பொய் சொல்லிட்டேன்" என்றார்.

சின்னையா, "அப்ப நான் மட்டுந்தான் இருந்தேனா?" என்று கேட்டார். எழுந்து உட்கார்ந்து, இரண்டு கிண்ணம் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்தக் குடும்பம் கைவிட்டுப் போயிற்று என்று தெருவென்றும் பாராமல் அழுதுகொண்டே உபதேசியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. கிள்ளான் குருவானவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கப்பல் ஏற்றினால் ஏற்றட்டும் என்று உபதேசியார் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். நான் உபவாசம் இருக்கவில்லை, நான் பொய்யன், நான் நோயாளி என்றார். சபையில் கசமுசா என்று ஒரு சத்தம். இராஜம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, என்ன தாழ்மை, என்ன தாழ்மை என்றார். உபதேசியார் பதறிப்போய், தினமும் மீன் சாப்பிட்டேன் என்றார். பூனைக்கு வறுத்ததைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் பாருங்கள் என்று பக்கத்து வீட்டார் தேம்பினார்கள். பரிசுத்தவான்கள் இப்படித்தான் தங்களைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்று குருவானவரே புன்னகையோடு சாட்சி சொன்னார். உபதேசியார் அடித்துச் சொல்லச் சொல்ல ஜனங்கள் உருகிக்கொண்டே போனார்கள். பொய்யை ஒரு நொடியில் நம்பிய கூட்டம் உண்மையை ஒரு மணி நேரம் சொல்லியும் நம்பவில்லை.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து சின்னையா எழுந்தார். வருவார் என்றே உபதேசியார் எதிர்பார்க்கவில்லை. ஆள் இன்னும் தள்ளாடினார். மாரியாயி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜெபம் பண்ணுவோம்" என்றார் சின்னையா.

ஜெபம் என்று சொல்லிவிட்டால் கண்ணை மூட வேண்டும். அதற்குமேல் கேள்வி கிடையாது. குமாஸ்தா, இராஜம்மா, குருவானவர், எல்லோரும் மூடினார்கள். சபை நடுவே சின்னையா வாய்விட்டு ஜெபித்தது அதுதான் முதல்முறை.

"ஆண்டவரே, எங்க உபதேசியாரு பொய் சொன்னாரு. அவரு பட்டினி கெடக்கல, மீனு சாப்ட்டாரு. அவருக்குச் சீனி வியாதி இருக்கு, அது உங்களுக்கே தெரியும். இனிமே இவங்க யாரும் அவருக்குக் கோப்பி குடுக்கக்கூடாது. எனக்கு அவரு மேல கோவம் இன்னும் தீரல. அது தீர்ற வரைக்கும் அவரு இங்கயே இருக்கணும், கப்பல் ஏத்திடாதீங்க. ஆமென்."

பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கம் லேசில் விடுமா? சபை முழுவதும் ஒரே குரலில் ஆமென் என்றது. சொன்ன பிறகுதான், எதற்குச் சொன்னோம் என்று கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் கிள்ளான் குருவானவர். கடவுள் சந்நிதியில் சொன்ன ஆமெனைத் திரும்ப வாங்குவது எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உபதேசியார் மட்டும் ஆமென் சொல்லவில்லை. சின்னையா நின்ற பக்கம் பார்த்துக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.