முடிச்சை மட்டும் சொல்லவில்லை

எனக்கு எழுதத் தெரியாது; நான் சொல்லச் சொல்ல மருமகள் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறாள். ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டு ஜன்னலில், போனை அழுத்தினால் மோட்டார் சுருட்டும் திரையை மகன் மாட்டியிருக்கிறான். பெங்களூரு ஆபீசிலிருந்தே ஏற்றி இறக்குவான்; ஏறியதா இல்லையா என்று அவன் போனே காட்டிவிடும்.

போன வாரம் பலத்த காற்று. எங்கள் ஊரில் காற்றடித்தால், தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டு மண் சோற்றில்கூட இருக்கும். திரை படபடக்காமல் இருக்க, அதன் அடிக்கம்பியைப் பழைய துணியால் ஜன்னலோடு கட்டினேன்.

சாயங்காலம் மோட்டார் முனகியது, திரை ஏறவில்லை. மகன் போனில் கூப்பிட்டான்.

"இன்னாம்மா, ஸ்கிரீன் மேல போவலயே?"

"எனக்கு இன்னாடா தெரியும்?"

"வைஃபை பெட்டிய ஆஃப் பண்ணிப் போடும்மா."

போட்டேன். மறுபடியும் முனகல். நாலு தடவை இப்படியே. திட்டுவானே என்று முடிச்சைச் சொல்லாமல் இங்குமங்கும் நடந்தேன். திடீரென்று கருகல் வாடை! மோட்டார் போச்சே என்று ஓடிப்போய்க் கத்தியால் துணியை அறுத்தேன். திரை சர்ரென்று ஏறியது.

"பாத்தியாம்மா? இங்கேர்ந்தே ரிப்பேர் பண்ணிட்டேன்!"

"நீ கெட்டிக்காரன்டா கண்ணு!"

இப்போதெல்லாம் காற்றடித்தால் திரையைக் கட்டுவதில்லை, ஜன்னல் கதவையே சாத்திவிடுகிறேன். திரை முனகினால், யாருக்கும் போன் போடுமுன் அடிக்கம்பியைத் தடவிப் பார்க்கிறேன். மகன் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பான். இதைப் படித்துத்தான் அவனுக்கு விஷயமே தெரியப்போகிறது. மருமகள் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.