சாமிக்கு விட்ட கன்று

பக்தி நாறும். என் மூக்கு அறிந்த விஷயம் இது. தொண்ணூறுகளின் கடைசியில், பதுளைக்கு மேலே ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மாரியம்மன் கோயில் வாசல் சவுக்கு மரத்தடியில் அது கழிச்சலாக நாறியது, அழுகிய செவ்வந்தி மாலையாக நாறியது, ஈ மொய்த்த குங்குமமாக நாறியது. நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மடுல்சீமையில் பிறந்தவள், இந்த லயத்து வரிசை வீடுகளில் ஒன்றுக்கு வாக்கப்பட்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற பாதை அந்த மரத்தை ஒட்டித்தான். சேலைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு கடந்தேன்.

மரத்தில் கட்டியிருந்தது எங்கள் வீட்டுக் கன்று.

மலையில் காளைக் கன்று பிறந்தால் வீட்டில் முகங்கள் சுருங்கும். அது பால் தராது. தாய்க்குச் சுரக்கிற பாலையும் குடித்துவிடும். உழுவதற்கு இங்கே வயல் இல்லை. இறைச்சிக் கடைக்கு விற்பது பாவம். எங்கள் லயத்தில் யாரும் விற்றதில்லை, அதில் எல்லாருக்கும் பெருமை. அதனால் பத்து நாள் ஆனதும் கன்றைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, கோயில் மரத்தில் கட்டிச் சூடம் காட்டிவிட்டு வந்துவிடுவார்கள். சாமிக்கு விட்டாச்சு. சாமிக்குத் தொழுவம் கிடையாது, மடி கிடையாது. பத்து நாள் கன்றுக்குப் புல் தின்னத் தெரியாது. மூன்று நாள் கத்தும். சிலது நான்கு நாள். கத்தல் நின்றதும் வாசக்கூட்டியைக் கூப்பிடுவார்கள்.

வாசக்கூட்டி என்றால் லயத்து வாசலையும் சாக்கடைக் கானையும் கக்கூசையும் கூட்டிக் கழுவுகிற ஆள். எங்கள் லயத்தில் அது ஒரு பெண்பிள்ளை. ஐம்பது வயதிருக்கும். புருஷன் செத்துப்போய், மகள் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய், கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருந்தார். அவர் பிறந்த சாதிக்காக அவர் கையிலிருந்து ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் வாங்கமாட்டார்கள். செத்த கன்றை ஓடைக்கு இழுத்துப்போக மட்டும் அந்தக் கை வேண்டும்.

கன்றைக் கட்டிவிட்டு வந்த அன்று என் மாமியார் நிம்மதியாகச் சாப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன புள்ள, மொகம் இப்பிடித் தொங்குது? கடைக்கா வித்தோம்? சாமிக்குத்தானே விட்டோம்."

"அது பால் குடிக்கிற கன்னு மாமி."

"படைச்சவளுக்குத் தெரியாதா? ஒனக்குத்தான் எல்லாம் தெரியும், டீச்சரம்மாவுக்கு."

இரண்டாம் நாள் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அது படுத்துவிட்டது. கத்துவதற்கு வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. நாக்கை நீட்டிக் கோயில் படியை நக்கியது. வால் அடியில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோழை ஒழுகி, அதன்மேல் ஈக்கள் கறுப்பாய் அப்பியிருந்தன. அந்தப் படியில் கால் வைத்து ஏறி, கன்றைத் தாண்டி, ஒருத்தி உள்ளே போய்க் கும்பிட்டாள். நான் ஒரு நிமிடம் நின்றேன். பிறகு நடந்தேன். நடந்துவிட்டேன் என்பதை எழுதாமல் விட்டால் மற்றதையும் எழுதக் கூடாது.

மறுநாள் காலையில் மரத்தடி காலியாக இருந்தது. கயிறும் இல்லை. "அதுக்குள்ளயா?" என்றார் மாமியார். குரலில் ஒரு சுமை இறங்கியது கேட்டது.

கக்கூஸ் பக்கம் போகும்போது கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. மனுஷத் தும்மல் இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், சாக்கின் மேல், எங்கள் கன்று கிடந்தது. அந்த அம்மா சுடுதண்ணியில் துணியை நனைத்து அதன் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வாடைக்கு மூக்கைப் பொத்தினேன். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றேன்.

"செத்துருச்சுன்னு நெனச்சேன்" என்றேன்.

"செத்தா எப்பிடியும் நாந்தானே டீச்சர் இழுக்கணும். செத்தது பாறாங்கல்லுக் கனம். உசுரோட இருக்கயில தூக்குனா அதுவும் ரெண்டு எட்டு நடக்கும்ல? எனக்கு வேல கொறையுது பாருங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் இரண்டு விரல்களைக் கன்றின் வாய்க்குள் விட்டார். அது சப்பத் தொடங்கியதும் விரல்களின் நடுவே கஞ்சித் தண்ணியை ஒழுக்கினார். கொய்யாக் கொழுந்து அவித்த தண்ணி, டிஸ்பென்சரியில் பிள்ளைகளின் கழிச்சலுக்குக் கொடுக்கிற உப்புச்சர்க்கரைத் தூள், எல்லாம் அந்த விரல் வழியாகவே போயின. இரண்டு நாளில் ஒழுக்கு நின்றது. மூன்றாம் நாள் எழுந்து நின்று நடுங்கியது.

"கஞ்சி தாங்காது டீச்சர். பாலு வேணும்" என்றார். யாருடைய பால் என்று சொல்லவில்லை. என்னையே பார்த்தார்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுபோகிற வழக்கம் உண்டு. மறுநாளிலிருந்து அதில் பால் போனது. விடிய முன்னம் மாமியார் கறந்து வைக்கிற வாளியிலிருந்து, அவர் மாட்டுக்குப் புண்ணாக்குக் கரைக்கப் போகிற நேரம் பார்த்து, ஊற்றிக்கொள்வேன். ஒரு தாயின் பாலை அதன் பிள்ளைக்குக் கொடுக்க நான் திருடியாக வேண்டியிருந்தது. பொழுதெல்லாம் பிள்ளைகளுக்குச் சமயபாடம் நடத்திவிட்டு வந்து, ராத்திரி அந்த நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பேன்.

இன்னொன்றும் நடந்தது. அந்த அம்மா தினமும் காலையில் கான் கூட்டும்போது எங்கள் மாட்டுக்கொட்டிலில் மூத்திரத்தில் ஊறிய மானாப்புல்லை ஒரு பிடி ஒதுக்கிக் கொண்டுபோனார். அதைக் கன்றின் முதுகில், கழுத்தில், நெற்றியில் தேய்ப்பார். துடைத்துச் சுத்தமாக்கிய உடம்பை இவரே மறுபடி நாறடிக்கிறாரே என்று எனக்கு எரிச்சல். உள்ளுக்குள், 'இவங்க சுத்தம் இவ்வளவுதான்' என்று ஒரு சொல் ஊர்ந்தது. எங்கள் வீட்டுத் தண்ணியில் ஊறிய சொல் அது. அதை அப்போதே துப்பியிருக்க வேண்டும்.

"ஏன் இப்பிடி அசிங்கம் பண்றீங்க?"

"நாறட்டும் டீச்சர். தாய் வாசம் இது. என்னைக்காச்சும் கொண்டுபோய் விட்டா மோந்து பாத்து அவ சேத்துக்கணும்ல? என் வாடையும் அடுப்புப் பொகையும் அடிச்சா ஒதைப்பா."

மூன்று வாரத்தில் அந்த நாள் வந்தது. எங்கள் மாடு மடியை இறுக்கிக்கொண்டது. கன்று முட்டாமல் அது பால் இறக்கவில்லை. மாமியார் தடவினார், கெஞ்சினார், ஏசினார். வாளியின் அடிதான் நனைந்தது. என் களவு வேறு. கடைசிக் காம்பராவில் கன்று உயிரோடு இருப்பது லயத்துக்கே தெரிந்துபோயிருந்தது. மாமியார் இடுப்பில் கை வைத்து யோசித்தார். கன்றைத் திருப்பிக் கொண்டுவந்தால் மாடு பாலை இறக்கும். ஆனால் அது சாமியுடையது. போதாததற்கு வாசக்கூட்டி தொட்டது.

கோயில் கமிட்டித் தலைவரைக் கூட்டிவந்தார்கள். எங்கள் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்.

"சாமிக்கு விட்டத வாசக்கூட்டி எடுத்துட்டுப் போனது திருட்டுங்க. மொதல்ல அத மரத்துல கொண்டாந்து கட்டச் சொல்லுங்க" என்றார்.

"கட்டுனா செத்துப்போகுமே" என்றேன்.

"அது சாமி பாடு."

மாமியார் குறுக்கே வந்தார். "தலைவரே, நாங் கேக்குறது வேற. மாடு வத்துற வரைக்கும் சாமிகிட்ட எரவலா வாங்கிக்கிறேன். அப்பறம் திரும்பக் கட்டிர்றேன்."

தலைவர் கண்ணை மூடி, சாமியின் சார்பில் யோசித்தார். "செய்யலாம். தீட்டுக் கழிச்சிட்டு உள்ள விடுங்க."

மாட்டுக்காக இல்லை, கன்றுக்காக இல்லை, ஒரு வாளிக்காகச் சாமி இறங்கிவந்தது. எனக்கு அங்கேயே துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனாலும் கன்று தாயிடம் போகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

கன்றை அந்த அம்மாவே ஓட்டிவந்து வாசலுக்கு எட்டவே நின்றார். கொழுத்திருந்தது. அவர் சொன்னது ஒன்றுதான்.

"கழுவாம அப்பிடியே தாய்கிட்ட விடுங்கம்மா. மோந்து பாக்கட்டும்."

"நீ சொல்லிக்குடு இனி எங்களுக்கு" என்றார் மாமியார்.

கழுவினார்கள். கார்பாலிக் சோப்புப் போட்டு ஒரு தரம். மஞ்சள் தண்ணி ஊற்றி ஒரு தரம். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். "அந்தம்மா சொல்றது சரி மாமி, வாசம் போயிரும்." என் கையை உதறிவிட்டுச் சாம்பிராணி காட்டினார். மூன்று வாரமாக ஒருத்தி தேய்த்துத் தேய்த்துச் சேர்த்து வைத்தது கால் மணி நேரத்தில் கானில் ஓடியது. கன்று மஞ்சளாய், மணமாய், கோயில் போல நின்றது.

கொட்டிலுக்குள் விட்டார்கள். கன்று ஓடிப்போய் மடியை முட்டியது. மாடு திரும்பி மோந்தது. மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டது. பிறகு பின்னங்காலால் உதைத்தது. கன்று கான் கல்லில் போய் விழுந்தது. மறுபடி போனது, மறுபடி உதை. மூன்றாம் தரம் கொம்பு. அதன் காதடியில் ரத்தம் வந்ததும் நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியா, அவ தொட்டது. மாடே சேக்கல" என்றார் மாமியார்.

அவர் அதை நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது. நடிக்கவில்லை, மனதார நம்பினார்.

"கொண்டுபோய் மரத்துலயே கட்டிட்டு வா, புள்ள."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தூறல். லயத்து வாசல்களில் எல்லாரும் நின்றார்கள். மேலே போனால் கோயில், கீழே போனால் கடைசிக் காம்பரா. கீழே திரும்பினேன்.

"ஏய், எங்க போற?"

"சாமி இருக்குற எடத்துக்கு" என்றேன். அழகான பதில் என்று அப்போது நினைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. வீரமெல்லாம் முப்பது எட்டு நடைதான்.

"பிளாஸ்க்குல புளிச்ச நாத்தம் அடிச்சப்பவே நெனச்சேன்டி!" பின்னாலிருந்து மாமியார் கத்தினார். அவ்வளவு நாளும் என்னை 'புள்ள' என்றவர், அன்றிலிருந்து 'டி' போட்டார்.

அந்த அம்மா கன்றின் காதடியைப் பார்த்தார். மோந்தார். "கழுவிட்டாங்களா" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. அடுப்புச் சாம்பலை எடுத்துக் காயத்தில் அப்பினார்.

"இனிமே வெளிச்சமாவே பாலு கொண்டாரேன்" என்றேன்.

"விடுமா மாமியாரு?"

"விடாது."

"அப்பறம்?"

"ஏசட்டும்."

பிளேன்டீ ஒன்று ஊற்றி நீட்டினார். "குடிக்கமாட்டீங்கன்னு தெரியும். கேக்காம இருக்கக் கூடாதுல்ல." வாங்கினேன். ஒரே மூச்சில் குடித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில், தண்ணீர்ப் பீலியில் ஆள் இல்லாததைப் பார்த்து, வாய் கொப்பளித்தேன். கை தானாகக் குவிந்தது. வாய் தானாகத் துப்பியது. படித்த வாய். அன்று முழுவதும் நான் பார்த்த அருவருப்புகளில் கடைசியும் பெரியதும் அதுதான்.

வாரக் கடைசியில் பதுளைக் கடை வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், "ஒரு கன்னுக்குட்டிக்காக வீட்ட ரெண்டாக்குறியே" என்றார். ரெண்டானது. இரண்டு மாதம் தினம் ஒரு போத்தல் பால் கொண்டுபோனேன். தினம் ஒரு போத்தல் ஏச்சு வாங்கினேன். கோயில் கமிட்டி இரண்டு தடவை கூடிக் கலைந்தது. மரத்தில் கட்ட ஒருவரும் வரவில்லை. அதைத் தொட்டு இழுக்க வேண்டுமே. அந்தத் தீட்டுக்கு யார் போவது? அவர்களுடைய அசிங்கமே அதற்குக் காவலாய் நின்றது.

கன்று காளையானது. நெற்றியில் வெள்ளை, திமில் தூக்கிய கழுத்து. அந்த அம்மா வாசல் கூட்டுகையில் பின்னாலேயே வரும். ரெண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு மழைக்காலம், பாதை சரிந்து, சினை ஊசி போடுகிறவர் பதுளையிலிருந்து வர வழியில்லை. எங்கள் மாடு பருவத்துக்கு வந்து விடியற்காலையிலிருந்து கத்தியது. ஒரு நாள் தவறினால் இன்னும் மூன்று வாரம். காளையின் தாயான பழைய மாடு வற்றியதும் அதை வேறு தோட்டத்துக்கு விற்றுவிட்டு, இதைப் புதிதாக வாங்கியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு நானும், முன்னால் மாமியாரும், கடைசிக் காம்பராவுக்குப் போனோம். வாசலுக்கு எட்டவே நின்று மாமியார் இருமினார்.

"என்னம்மா?" உள்ளேயிருந்து குரல்.

"மாடு கத்துது. ஒங்க... அந்தக் காளைய..."

"அது சாமி மாடுங்களே. தலைவரக் கேட்டீங்களா?"

மாமியார் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டார்.

"அங்க நின்னு கேட்டா காளப் பயலுக்குக் காது கேக்காது. உள்ள வந்து உக்காந்து கேளுங்க."

மழை வலுத்தது. மாடு கத்தியது. மாமியார் என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன். அவர் சேலையை முழங்காலுக்கு மேல் ஒடுக்கிப் பிடித்து, படியைத் தாண்டி, பலகையின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தார். முகம் வேப்பெண்ணெய் குடித்த பிள்ளையுடையது போல இருந்தது. அந்த அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. பின்னால் போய்க் காளையை அவிழ்த்துவந்தார்.

முடிந்ததும், நாங்கள் மாட்டைத் திருப்பும்போது, வாசலில் நின்று சொன்னார்:

"பொறக்குறது காளையா இருந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்கம்மா. பொட்டு வைக்க வேணாம். கழுவவும் வேணாம்."

மாமியார் திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் நடந்தார்.