வீட்டில் இங்கிலீஷ் மட்டும்

என் மகள் மூன்று வயதில் மூன்று பாஷை பேசினாள். பெருமைக்குச் சொல்லவில்லை. மாநில எல்லையை ஒட்டிய மத்திகிரியில் லைன் வீடுகளில் வளரும் குழந்தைகளில் பாதிப் பேர் அப்படித்தான். எங்களோடு தமிழ், பக்கத்து வீட்டு அக்காவோடு கன்னடம், வீட்டு ஓனர் அம்மாவோடு தெலுங்கு. யாரிடம் எது என்று நாங்கள் சொல்லிக் கொடுத்ததே இல்லை. எங்களிடம் "தண்ணி" கேட்பவள் அக்கா வீட்டு வாசலைத் தாண்டியதும் "நீரு" என்பாள். ஒரு தடவைகூட ஆள் மாறிக் கேட்டதில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் சாமல்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் இருவர் வீட்டிலும் கூலி வேலை. இங்கே வந்து இருவரும் கம்பெனியில் சேர்ந்தோம். எனக்கு அசெம்பிளி லைன், அவருக்கு மெஷின். நான் ஏ ஷிஃப்ட் என்றால் அவர் பி ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்வார். அப்படியும் மத்தியானம் அவர் கிளம்பி நான் வந்து சேரும் வரை இரண்டு மணி நேரம் இடைவெளி விழும். அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் அக்கா. எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவர், வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவார். என் மகள் வெட்டுத் துணிக் குவியலில் உட்கார்ந்து சளைக்காமல் பதில் பேசுவாள்.

இந்தக் குழந்தைக்குத்தான் பேச்சு வரவில்லை என்று சொன்னார்கள்.

சொன்னது ஒரு பிளே ஸ்கூல். பள்ளியை நடத்துவதும் பாடம் எடுப்பதும் ஒரே அம்மாள்தான். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். சேர்த்து ஒரு மாதம் கழித்து என்னை வரச் சொன்னார். மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிஸ் ஒரு படத்தைக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்றார். பூனைப் படம். என் மகள் மிஸ்ஸின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பெக்கு" என்றாள். கன்னடத்தில் பூனை. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அதே மிஸ் ஆயாவிடம் கதவைச் சாத்தச் சொல்லிக் கன்னடத்தில் பேசியிருந்தார். குழந்தை அதைக் கவனித்து, இவருக்கு இந்தப் பாஷைதான் என்று முடிவு செய்து, சரியான பதிலைச் சொன்னது. இதைவிட ஒரு குழந்தை என்ன செய்ய வேண்டும்? மிஸ் தாளில் பெருக்கல் குறி போட்டார். பெக்கு என்றால் பூனை என்று தெரிந்தே போட்டார்.

"மூணு லாங்வேஜ் பேசி குழந்தையைக் குழப்பி வச்சிருக்கீங்க. ஸ்பீச் டிலே ஆயிருக்கு. இனிமே வீட்ல இங்கிலீஷ் மட்டும்தான்."

"இல்லீங்க மிஸ், வீட்ல நல்லாத்தான் பேசுது..." என்று ஆரம்பித்தேன்.

"நோ தமிழ், மம்மி. நீங்களே இப்படிப் பேசினா அவ எப்படிக் கத்துக்குவா? எங்க, அவகிட்ட உக்காருன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க பாக்கலாம்."

சொன்னேன். உச்சரிப்பு சரியில்லை என்றார். மறுபடி சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை என் குரலே எனக்குக் கேட்கவில்லை. மகள் மடியிலிருந்து கழுத்தைத் திருப்பி என்னையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கிறது. கம்பெனியில் எங்கள் லைனில் எனக்கு ஏழு வருட அனுபவம். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண், இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசத் தெரிந்ததால் இன்றைக்கு எனக்கு சூப்பர்வைசர். இங்கிலீஷ் மீட்டிங்கில் எல்லோரும் சிரித்த பிறகு சிரிக்கிற ஆட்கள் நாங்கள். நம் பிள்ளையாவது முதலில் சிரிக்கட்டும் என்று நினைத்தோம். எங்களைப் போன்றவர்களிடம் இந்தப் பயம் இருப்பது அந்தப் பள்ளிகளுக்கு நன்றாகவே தெரியும். அதை வைத்துத்தான் இங்கிலீஷ் மீடியம் என்று போர்டு மாட்டுகிறார்கள்.

அப்படி எங்கள் வீட்டில் இங்கிலீஷ் ஆட்சி தொடங்கியது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி இங்கிலீஷ். ரிஜெக்ட், ரீவொர்க், லைன் ஸ்டாப், ஷிஃப்ட் ஓவர். இதை வைத்துப் பிள்ளை வளர்க்க முடியுமா? கடைசியில் அவளிடம் பேச மிஞ்சியது கம், ஈட், ஸ்லீப், நோ. எங்கள் தெருவில் நாய்க்குக்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள். தூக்கத்தில் பயந்து எழுந்தால் "ஒண்ணுமில்லடி கண்ணு, அம்மா இருக்கேன்" என்று சொல்ல வாய் வரை வரும். விழுங்கிவிட்டு "டோன்ட் கிரை" என்பேன். அது எந்தக் குழந்தைக்கு ஆறுதல்? அவள் தமிழில் ஏதாவது கேட்டால், வாயில் விரலை வைத்து, "ஸ்பீக் இங்கிலீஷ்" என்பேன். நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அக்காவிடமும் போய் நின்றேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இனிமே பாப்பாகிட்ட கன்னடத்துல பேச வேணாம். இங்கிலீஷ்லதான் பேசணுமாம்."

அக்கா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "எனக்கு இங்கிலீஷ் எங்கம்மா வரும்? அப்போ நான் ஊமை மாதிரி உக்காரட்டா?"

அவர் அப்படியே செய்தார். போனில் இங்கிலீஷ் கார்ட்டூன் போட்டுக் கையில் கொடுத்து, சோற்றைப் பேசாமல் ஊட்டினார்.

மகள் ஒரு வாரம் கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள். வேண்டியதை விரலால் காட்டினாள். வேண்டாம் என்றால் தலையைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நாளில் காட்டுவதும் குறைந்தது. பள்ளியில் கேட்டால், "இப்போ வெரி குட் கேர்ள், சத்தமே போடறதில்ல" என்று பூரித்துப்போனார்கள். கையில் ஸ்டார் ஒட்டி அனுப்பினார்கள். குழந்தை வாயடைத்துப் போவதற்குப் பெயர் அங்கே டிசிப்ளின்.

ஒரு நாள் ஏ ஷிஃப்ட் முடிந்து வந்தபோது அக்கா வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். மகளின் வலது கையைத் தூக்கிக் காட்டினார். நடு விரல் வீங்கி, நகம் கறுத்து, நகத்தோரம் ரத்தம் காய்ந்திருந்தது. புறங்கையில் தங்க நிற ஸ்டார் ஒட்டியிருந்தது.

"வேன்ல வந்தப்பவே இப்படித்தான் இருந்திச்சு. பாப்பா அழவே இல்ல. நீ பேச வேணாம்னு சொன்னியா, கேக்கறதா வேணாமான்னு எனக்குத் தெரியல" என்றார் அக்கா. அவர் கண் சிவந்திருந்தது.

மகளிடம் தமிழில் கேட்டேன், எப்படி ஆச்சு, எங்கே இடிச்சது, யார் பண்ணாங்க என்று. உதட்டை இறுக மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். டாக்டர் ஊசி போட்டபோதும் சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. சத்தம் போடாமல் அழும் மூன்று வயதுக் குழந்தையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பாத்ரூம் கதவில் விரல் மாட்டியிருக்கும் என்றார் மிஸ். "இருக்கும்" என்றார். யாரும் பார்க்கவில்லையாம்.

"அவ சொல்லவே இல்லையே, மம்மி. ஒரு சவுண்டுகூட இல்ல. ரொம்ப பிரேவ் கேர்ள்."

அதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ, என் தமிழ் முழுவதும் வெளியே வந்தது. "எந்தப் பாஷையில சொல்லும்? தமிழ்ல சொன்னாலும் தப்பு, கன்னடத்துல சொன்னாலும் தப்பு. வலிக்குதுன்னு சொல்ல உங்க இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தீங்களா? ஏ ஃபார் ஆப்பிள் சொன்னா வலி போயிடுமா?"

"ஸ்கூல்ல இப்படித் தமிழ்ல கத்தக் கூடாது" என்றார். அதைக் கேட்ட பிறகு நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. மகளின் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் முதலில், "அவசரப்பட்டுட்டியோ?" என்றார். விரலை இன்னொரு தடவை பார்த்த பிறகு, கட்டின பீஸ் போனாலும் போகட்டும் என்றார். தெருமுனை அங்கன்வாடியில் சேர்த்தோம். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உன் மேல கோபம் போகலை. குழந்தைகிட்ட என்ன கோபம்?" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தார்.

விரல் ஆறியது. புது நகம் முளைத்தது. என் மகள் மட்டும் என்னிடம் பேசவில்லை. நான் தமிழில் கதை சொன்னேன், பாடினேன், கெஞ்சினேன். தலையை ஆட்டுவாள், இல்லையென்றால் அதுவும் செய்ய மாட்டாள். இப்படி இரண்டு மாதம். அக்கா வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு முகமில்லை, அக்காவும் தானாகச் சொல்லவில்லை. வந்த பேச்சை நானே திருப்பி அனுப்பிவிட்டேனோ, இனி வரவே வராதோ என்று கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுவேன்.

ஒரு நாள் மெட்டீரியல் வரவில்லை என்று லைனை நிறுத்தி எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றப் போனேன். உள்ளே தையல் மெஷின் சத்தத்தையும் மீறி ஒரு குரல் கேட்டது. அங்கன்வாடியில் ஒருத்தன் தன் முட்டையைப் பிடுங்கித் தின்றதையும், தான் அவனைக் கடித்து வைத்ததையும் என் மகள் மூச்சு விடாமல் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டை, நியாயம், கடைசியில் ஒரு சிரிப்பு, எல்லாம் இருந்தது. எதுவும் போகவில்லை. ஒரு வார்த்தைகூடப் போகவில்லை.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். சட்டென்று எழுந்து அக்காவின் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

"அம்மா பந்த்ளு, சும்னிரு" என்றாள். அம்மா வந்துட்டா, பேசாம இரு.

என்னிடம்தான் பேச்சில்லை. என் முன்னால்தான் ஊமை. உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, "பேசுடி கண்ணு. அம்மா உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன், திட்ட மாட்டேன்" என்றேன்.

வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தமிழில் சொன்னாள்.

"என்னை இல்ல. உன்னைத்தான் மிஸ் திட்டுவாங்க."