வெள்ளைக் கூடு

என் மனைவியின் தம்பி மலேசியாவில், குருவிகளுக்காகக் கட்டிய வீடொன்றில் வேலை செய்கிறான். யுத்தம் முடிந்தபின் நாங்கள் ஒரு வழியால் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தோம். அவன் வேறு வழியால் புறப்பட்டு அங்கேயே நின்றுவிட்டான். அவனிடம் கடவுச்சீட்டு இல்லை, அகதி அட்டை மட்டுந்தான். அக்காவும் தம்பியும் தொலைபேசித் திரையில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போன மாரியில் மனைவிக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ தொடங்கியதும் சாப்பாடு இறங்கவில்லை. இறைச்சிச் சாறு கொடுக்கும்படி வைத்தியர் சொன்னார். ஆனால் அவள் அதற்கு முன்பே சாந்தா ரொசாலியாவிடம் நேர்த்தி வைத்துவிட்டாள்: சுகம் வரும்வரை மீன், இறைச்சி, முட்டை என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. மலைக் குகையில் இருக்கும் அந்தப் புனிதையிடம் இங்குள்ள தமிழர்கள், சைவரும் கத்தோலிக்கரும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் போகிறார்கள். எதையாவது கேட்கிறார்கள், பதிலுக்கு எதையாவது விட்டுவிடுகிறார்கள். லிபெர்த்தா வீதியில் மனைவி வேலை செய்த வீட்டுக்காரி, சிஞ்ஞோரா, கோழிச் சாறு காய்ச்சி அனுப்பினார். மனைவி அதை மேல்மாடிக்காரிக்குக் கொடுத்து, பாத்திரத்தைத் தானே கழுவி, திருப்பிக் கொடுக்கும்படி என்னிடம் தந்தாள்.

"நல்ல ருசி எண்டு சொல்லுங்கோ."

பங்குக் குருவானவர் வீட்டுக்கு வந்து, நோயாளிகளுக்கு விலக்கு உண்டென்றார். "சுவாமி, நீங்கள் விடுவியள். நான் கதைச்சது அவவோடையெல்லோ," என்றாள்.

இது காதில் விழுந்ததும்தான் தம்பி குருவிக்கூடு அனுப்புவதாகச் சொன்னான். சீனர்கள் பெலத்துக்காகக் காய்ச்சிக் குடிப்பது அது. கோலாலம்பூரில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த பங்குப் பெண்ணொருவர், சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரே ஒரு கூடு. பாதிச் சிரட்டை வடிவம். சேமியாவை ஒட்டி உலர்த்தியது போல இருந்தது. கையில் வைத்தால் எடை தெரியவில்லை.

இது மச்சமா இல்லையா என்பதுதான் இப்போது கேள்வி. நாங்கள் குடியிருந்த போர்கோ வெக்கியோவில், எங்கள் சமையலறைக்கு வந்துபோன பெண்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். தேன் மாதிரி என்றார் ஒருவர். முட்டை மாதிரி என்றார் இன்னொருவர். மனைவி தம்பியிடமே கேட்பதென்று முடிவு செய்தாள்.

"அது வாயிலை ஊறுறது அக்கா. அவ்வளவுதான்."

"துப்பலோ?"

"துப்பல் எண்டு சொன்னால் ஆர் குடிப்பினம்?"

"சனம் எதையெல்லாம் தேடிக் குடிக்குது. உன்ரை அத்தான் பேப்பரிலை எழுதினதை ஒருத்தரும் தேடி வாசிக்கேல்லை."

ஊரில் நான் பத்திரிகையில் இருந்தேன். கேள்வி கேட்கும் பழக்கம் போகவில்லை. யார் எடுப்பது, எங்கே, எப்போது என்று அவனிடம் கேட்டேன். அவன் பெருமையோடு சொன்னான். உழவாரன் இனத்துக் குருவிகள் அவை. முன்பு கடலோரச் சுண்ணாம்புக் குகைகளில் கூடு கட்டின; ஆட்கள் மூங்கிலைப் பிடித்து ஏறி எடுத்தார்கள். சில இடங்களில் இப்போதும் எடுக்கிறார்கள். இவன் இருப்பது ஊருக்கு நடுவே நிற்கும் மாடிக் கட்டடம். யன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே ஒரு துவாரம். உள்ளே குகைபோல இருட்டும் ஈரமும். குருவிகளின் சத்தத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் விட்டுக்கொண்டே இருப்பார்கள். உள்ளே ஏற்கெனவே சனம் இருக்கிறது என்று நம்பித்தான் புதுக் குருவி வரும். பகலில் வெளியே போய்ப் பூச்சி பிடித்துத் தின்னும். இருட்டியதும் திரும்பிவந்து, வாயில் ஊறுவதை நூல்நூலாக இழுத்து, முகட்டுப் பலகையில் ஒட்டிக் கட்டும். ஒரு கூட்டுக்கு வாரக்கணக்கில் செல்லும். கூட்டைச் சுரண்டி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, சாமணத்தால் இறகு பொறுக்குவது தம்பியின் வேலை.

"குஞ்சு இருக்கேக்கை எடுப்பியளோ?" என்று மனைவி கேட்டாள்.

"சீச்சீ. குஞ்சு பறந்தாப்பிறகுதான்."

பிறகு அவனே சொன்னான். "உனக்கெண்டு நல்ல வெள்ளையாய்ப் பாத்து எடுத்தனான் அக்கா. இறகு ஒண்டும் இல்லை. சாமணம் வைக்கவே தேவைப்படேல்லை."

இரண்டு தகவலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று எனக்குப் பட்டது. அழைப்பு முடிந்ததும் அவள் கூட்டை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வருடக்கணக்காகப் பிறர் வீடுகளைத் துடைத்தவள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையள் இருந்து போன வீடு இவ்வளவு வெள்ளையாய் இராது."

மறுநாள் தனியே அவனை அழைத்தேன். அவன் மறைக்கவில்லை. முட்டை இடுமுன் எடுப்பது உண்டு, முட்டையோடு எடுப்பதும் உண்டு, அப்போதுதான் வெள்ளை கிடைக்கும் என்றான்.

"அக்காவின்ரை கூட்டிலை?"

"முட்டை இருந்தது அத்தான். அது திரும்பவும் கட்டும். அதுக்கு வேறை என்ன வழி. அக்காவுக்குச் சொல்லாதேங்கோ."

நான் சொல்லவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைக் கூட்டை ஊறவைக்கச் சொன்னாள். கொதிநீருக்குள் வைத்த கிண்ணத்தில், கற்கண்டு போட்டு அவித்தேன். நூல்கள் கண்ணாடிபோல இளகின. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தலைத்துணியைச் சரிசெய்து, என்னிடம் தொலைபேசியைப் பிடிக்கச் சொன்னாள். திரையில் தம்பி குளித்து, சேர்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். அடியில் ஒட்டியதையும் கரண்டியால் வழித்தாள். அந்த மாதத்தில் அவள் ஒரே இருப்பில் குடித்து முடித்தது அது ஒன்றுதான்.

"எப்பிடி அக்கா?"

"ஒரு ருசியும் இல்லை. சீனரை நல்லாய்ப் பேய்க்காட்டுறாய்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "இனிப் பெலன் வரும்."

"ஓம் தம்பி. வரும்."

திரை அணைந்ததும் அவள் படுத்துவிட்டாள். பிறகு என்னிடம் மலைக்குப் போகச் சொன்னாள். "அவன் பாத்துக்கொண்டிருந்தவன். தாறதுக்கு அவனிட்டை வேறை ஒண்டும் இல்லை. அதை அவவிட்டைச் சொல்லிப்போட்டு வாங்கோ."

எனக்குப் பக்தி இல்லை. என்றாலும் பொலிதேயாமா சதுக்கத்தில் பஸ் எடுத்துப் போனேன். குகைக்குள் பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டு போகின்றன. அந்தச் சத்தம் ஓயவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் புனிதை சிலையாகப் படுத்திருந்தார். நான் செய்தி வாசிப்பதுபோல, நடந்ததை நடந்த ஒழுங்கில் சொன்னேன்: அது குஞ்சு பறந்த கூடு இல்லை என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தே குடித்தாள், தம்பிக்காக. பிறகு அவள் சொல்லி அனுப்பாத ஒன்றையும் கேட்டேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தபோது விழித்திருந்தாள்.

"சொன்னியளோ?"

"ஓம்."

"கோவிச்சவவோ?"

"இல்லை."

"உங்களுக்கெங்கை தெரியும்," என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதன்பின் அவள் சுகத்தைப் பற்றி ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வைத்தியரிடமும் இல்லை, பெலிக்ரினோ மலைப் புனிதையிடமும் இல்லை. செபமாலை தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. கோழிச் சாறு கொடுத்துப் பார்த்தேன். நேர்த்திதான் முறிந்துவிட்டதே, இனிக் குடிக்கலாம்தானே என்றேன். ஒரு கரண்டி வாங்கினாள், எனக்காக. அது தங்கவில்லை.

உயிர்த்த ஞாயிறான பாஸ்குவாவுக்கு முந்திய வாரம் போய்விட்டாள்.

அடக்கத்தைத் தம்பி தொலைபேசியில் பார்த்தான். நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். மண் போடும்போது மட்டும் பங்குப் பெண்ணொருவர் வாங்கிக்கொண்டார். எல்லோரும் கலைந்தபின் அவன் இன்னும் திரையில் இருந்தான். பின்னால் குருவிகளின் சத்தம் கேட்டது. பதிவா, உண்மையான குருவிகளா என்று தெரியவில்லை.

"பிந்திப்போச்சு அத்தான். முந்தியே அனுப்பியிருந்தால் அக்காவுக்குப் பெலன் வந்திருக்கும்."

அவனுக்கு நேர்த்தியைப் பற்றித் தெரியும். கூடு அந்த நேர்த்தியை முறிக்கும் என்று அக்கா கண்டுபிடித்ததும், தெரிந்தே குடித்ததும் தெரியாது. அதைச் சொல்லாமல் விடுவது மட்டுந்தான் என்னால் முடிந்தது. சொல்லக்கூடிய உண்மை ஒன்று மிஞ்சியது.

"அவ முழுக்கக் குடிச்சவ," என்றேன்.

"ஓம் அத்தான், பாத்தனான்," என்றான். "வழிச்சும் குடிச்சவ."